நேற்று தூங்கிய குழந்தை இன்று ஏன் தூங்கவில்லை?

பிள்ளை பெற்றவளைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, "யார் சாயல்?" அடுத்தது, "ராத்திரியில தூங்குதா?" இந்த இரண்டாவது கேள்விக்கு ஒரே பதிலை இரண்டு வாரம் சேர்ந்தாற்போல் சொன்ன தாயை நான் பார்த்ததில்லை. திங்கட்கிழமை வந்த சித்தியிடம் "தங்கமா தூங்குறா" என்று பெருமை அடித்திருப்போம். வெள்ளிக்கிழமை அதே சித்தி போன் போடும்போது நம்மால் கண்ணைத் திறக்க முடியாது.

நான் கோலாலம்பூர் செந்தூலில், அடுக்குமாடி வீட்டில், இரண்டு பிள்ளைகளைத் தாய்ப்பால் கொடுத்து வளர்க்கிறவள். மூத்தவனுக்கு ஐந்து வயது, சின்னவளுக்கு ஏழாவது மாதம் நடக்கிறது. நான் மருத்துவரும் இல்லை, தாதியும் இல்லை. மூத்தவன் காலத்தில் தூக்கம் மாறும் ஒவ்வொரு முறையும் ஏதோ தப்புச் செய்துவிட்டோம் என்று பதறினேன். சின்னவளுக்குத்தான் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க முடிந்தது. முதல் ஆறு மாதத்தில் குழந்தையின் வயிறு, மூளை, உடல் கடிகாரம் மூன்றும் ஆளுக்கொரு வேகத்தில் வளர்கின்றன. ஏதாவது ஒன்று ஒரு படி ஏறினாலும் தூக்கம் கலைந்து, வேறு மாதிரி அடுக்கிக்கொள்ளும். எந்தப் படி எப்போது வரும் என்று ஓரளவு தெரிந்திருந்தால், பால்மேல் பழி போடாமல், தேவையில்லாத வைத்தியத்தில் இறங்காமல் தாண்டிவிடலாம்.

இரவு பகல் தெரியாத வாரங்கள்

பிறந்த குழந்தை ஒரு நாளைக்கு 14 முதல் 17 மணி நேரம் தூங்கும். கேட்கும்போது நிறையத்தான் இருக்கிறது. ஆனால் எல்லாம் சில்லறையாகத்தான் கைக்கு வரும். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம், நடுவில் பால். முதல் நாள் அதன் வயிறு ஒரு தடவைக்குச் சில மில்லிலிட்டர்தான் கொள்ளும். ஒரு மாதம் ஆன பிறகும் மூன்று, நான்கு அவுன்ஸைத் தாண்டுவது அபூர்வம். தாய்ப்பாலோ சீக்கிரம் செரித்துவிடும். ஆகவே 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை பால் கேட்பது கணக்குக்குச் சரியாகத்தான் இருக்கிறது. இரவானதும் அந்தக் கணக்கை நிறுத்திவைக்க வேண்டும் என்று அதற்குத் தோன்றாது. இரவு என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாதே.

வயிற்றில் இருந்தவரை அம்மாவின் உடல் கடிகாரத்தை இரவல் வாங்கி ஓட்டியது. தூக்கத்துக்கு நேரம் சொல்லும் மெலடோனின் அம்மாவின் ரத்தத்திலிருந்து நஞ்சுக்கொடி வழியாக அதற்கும் போய்க்கொண்டிருந்தது. பிறந்ததும் அந்த இரவல் நின்றுபோகிறது. சொந்தக் கடிகாரம் ஓடத் தொடங்க இரண்டு, மூன்று மாதம் பிடிக்கும்.

இந்த மாற்றத்தைக் கண்ணால் பார்க்க ஒரு பழைய படம் உண்டு. சிக்காகோவின் தூக்க ஆய்வாளர் நத்தானியேல் கிளைட்மனும் அவருடைய சக ஆய்வாளர் எங்கல்மனும் 1953ல் வெளியிட்டது. ஒரே ஒரு குழந்தையின் தூக்கம், 11ஆம் நாளிலிருந்து 182ஆம் நாள்வரை. நாளுக்கு ஒரு வரி. தூங்கிய நேரத்துக்குக் கோடு, பால் குடித்ததற்குப் புள்ளி. மேல்வரிகளில் கோடுகள் இறைந்து கிடக்கும். நடுவில் அவை தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப்போய், படமே ஒரு பக்கம் சரிகிற மாதிரி தெரியும். குழந்தையின் ஒரு 'நாள்' நம் 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளமாக ஓடுகிறது என்று அர்த்தம். கீழே வர வர இரவுப் பக்கம் கறுத்து அடர்ந்து, பகல் பக்கம் வெளுக்கும்.

சின்னவளுக்கு நானும் அப்படி ஒன்று போட்டேன். மூத்தவனுக்கு வாங்கி வைத்திருந்த கட்டம் போட்ட கணக்கு நோட்டு, மெத்தைக்கு அடியில் ஒரு பென்சில். ஒரு கட்டம் அரை மணி நேரம், இரண்டு பக்கமும் சேர்த்து 48 கட்டம் ஒரு நாள். முதல் மூன்று வாரத்துப் பக்கங்கள் கோழி கிளறின குப்பை மாதிரி இருக்கும். அன்றன்றைக்குப் பார்த்தால் ஒரு முன்னேற்றமும் தெரியவில்லை. எட்டாவது வாரம் ஒரு நாள் ஏழெட்டு வரிகளை ஒன்றாகப் பார்த்தபோதுதான், இரவு பத்து மணிவாக்கில் தொடங்கி நள்ளிரவைத் தாண்டும் ஒரு நீளக் கோடு, வரி தவறாமல், கிட்டத்தட்ட ஒரே இடத்தில் வந்திருப்பது கண்ணில் பட்டது. மூன்றரை மணி நேரம். அன்றைக்கு அது எனக்குப் புதையல். இதற்கெல்லாம் போனில் செயலிகள் இருக்கின்றன. நடு ராத்திரியில் போன் வெளிச்சத்தைப் பார்த்தால் எனக்குத்தான் பிறகு தூக்கம் வராது, அதனால் பென்சில்.

உடல் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது வெளிச்சம். இந்த விஷயத்தில் நம் ஊர் வாசி. குளிர்நாட்டுத் தாய்மார்கள் கோடையில் இரவு பத்து மணிவரை மங்காத வெளிச்சத்தோடும் குளிர்காலத்தில் நாலு மணிக்கே கவியும் இருட்டோடும் போராட வேண்டும். கோலாலம்பூரில் ஆண்டு முழுக்கப் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம்தான். காலை ஏழு மணிவாக்கில் விடியும், மாலை ஏழு மணிவாக்கில் இருட்டும். (ஏழு மணிவரை விடியாததற்கு ஒரு காரணம், 1982ஆம் ஆண்டு பிறந்தபோது தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி சபா, சரவாக் நேரத்தோடு சேர்த்தது. ஆறு மணிக்கு எழுந்துகொள்ளும் குழந்தைக்கு அந்தக் கதையெல்லாம் தெரியாது.) ஆகவே காலையில் பால் கொடுக்கும்போது திரையை விலக்கி, ஜன்னலோரமாக உட்காருங்கள். பகல் தூக்கத்துக்காக வீட்டை இருட்டாக்க வேண்டாம். மிக்ஸி ஓடட்டும், தொலைக்காட்சி பேசட்டும். மாலை ஏழுக்கு மேல் வரவேற்பறையின் வெள்ளைக் குழல்விளக்கை அணைத்துவிட்டு மஞ்சள் விளக்கு ஒன்றை மட்டும் போடுங்கள். இரவில் எழுந்தால் பால், தேவையானால் டயப்பர், திரும்பப் படுக்கை. பேச்சும் கொஞ்சலும் விடிந்த பிறகு.

இன்னொரு உதவி பாலிலேயே வருகிறது. இரவில் சுரக்கும் தாய்ப்பாலில் மெலடோனின் உண்டு, பகல் பாலில் அது ஏறக்குறைய இருக்காது. சொந்தமாகச் சுரக்கத் தெரியாத பிள்ளைக்கு அம்மா கொஞ்சம் கொடுத்து உதவுகிறாள். தாய்க்குப் பால் சுரக்க வைக்கும் புரோலாக்டினும் இரவில்தான் அதிகம். இரவில் பால் கொடுப்பதை வீண் அலைச்சல் என்று நினைக்கும்போதெல்லாம் இதை ஞாபகப்படுத்திக்கொண்டால் கோபம் ஓரளவு இறங்கும். முழுசாக இறங்காது, உண்மையைச் சொல்ல வேண்டும்.

நரி விளையாட்டுக் காட்டும் தூக்கம்

தூங்கும் குழந்தை திடீரென்று சிரிக்கும், உடனே உதடு பிதுக்கி அழுகைக்குப் போகும், முனகும், முக்கும், கண்ணிமைக்குள் விழி உருளும். "நரி விளையாட்டுக் காட்டுது" என்பார் என் அத்தை, அதாவது கணவரின் அம்மா. நரி வந்து பூவைக் காட்டினால் பிள்ளை சிரிக்குமாம், அம்மா போய்விட்டாள் என்று சொன்னால் அழுமாம்.

அந்த நரிக்கு அறிவியலில் ஒரு பெயர் உண்டு. கிளைட்மனின் மாணவர் யூஜின் அசெரின்ஸ்கி தூங்கும் குழந்தைகளின் கண்ணிமை அசைவைக் கவனிக்கப் போய், பிறகு பெரியவர்களிடமும் அதைப் பார்த்து, விழி வேகமாக அசையும் ஒரு தூக்க நிலை உண்டு என்று 1953ல் இருவருமாக வெளியிட்டார்கள். நாம் கனவு காண்பது பெரும்பாலும் அந்த நிலையில்தான். பச்சைக் குழந்தைக்குத் தூக்கத்தில் ஏறக்குறைய பாதி இந்த வகை. துடிப்பான தூக்கம் என்று சொல்லலாம். மறுபாதி அமைதித் தூக்கம். இரண்டும் சேர்ந்த ஒரு சுற்று 50, 60 நிமிடம். நமக்கு அது ஒன்றரை மணி நேரம்.

இது தெரிந்தால் இரண்டு காரியம் மாறும். ஒன்று, பச்சைக் குழந்தை நம்மைப் போல நேரே ஆழத்துக்குப் போகாது. துடிப்பான தூக்கத்தின் வழியாகத்தான் உள்ளே நுழையும். மார்பில் கண் மூடியவுடனே கீழே கிடத்தினால் விழித்துக்கொள்வது அதனால்தான். இருபது நிமிடம்போலக் கையிலேயே வைத்திருங்கள். கையைத் தூக்கிவிட்டால் துணி மாதிரி துவண்டு விழுகிறதா, மூச்சு ஒரே சீராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிடத்துங்கள். முதலில் இடுப்பு படட்டும், தலை கடைசி.

இரண்டாவது, முனகல் எல்லாம் விழிப்பு ஆகாது. மூத்தவன் முக்கினாலே நான் வாரி எடுத்து மார்பில் போட்டுக்கொள்வேன். பாதி நேரம் தூங்கிக்கொண்டிருந்தவனை நானே எழுப்பியிருக்கிறேன் என்பது பின்னால்தான் தெரிந்தது. சின்னவளுக்கு என் கணவர் ஒரு வழி வைத்திருந்தார். சத்தம் கேட்டதும், "இரும்மா, கண்ணைத் திறந்திருக்காளான்னு பாரு" என்பார். கண் மூடியிருந்தால் கையை அவள் நெஞ்சில் லேசாக வைத்து ஒன்றிரண்டு நிமிடம் காத்திருப்போம். சில இரவுகளில் அவளே அடுத்த சுற்றுக்குள் போய்விடுவாள். கையை வாயில் வைத்து, தலையை இப்படியும் அப்படியும் திருப்பித் தேடினால் அது பசி. அப்போது காத்திருந்தால் அழுகைதான் மிஞ்சும்.

சத்தத்தைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம். எங்கள் கீழ் புளோக்கில் பையன்கள் உறுமி மேளம் பழகுவார்கள். தைப்பூசம் நெருங்கினால் மாலை முழுக்க அதுதான். சின்னவள் அதில் அசையாமல் தூங்குவாள். மேளம் நின்ற நிமிடம் விழிப்பாள். ஒரே சீரான இரைச்சலைப் பிள்ளைகள் வயிற்றிலேயே கேட்டுப் பழகியவர்கள், திடீர் மாற்றம்தான் எழுப்புகிறது. அதற்காக மேளம் வாங்க வேண்டாம், ஒரு மின்விசிறி போதும்.

ஆறாவது வாரம், மாலை ஆறு மணி

பல வீடுகளில் நம்பிக்கை உடையும் இடம் இது. நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் பிள்ளை, மாலையானால் மார்பை விட்டு இறங்காது. பத்து நிமிடம் குடிக்கும், விடும், அழும், திரும்பக் கேட்கும். இரண்டு மூன்று மணி நேரம் இப்படியே ஓடும். குழந்தைகளின் அழுகை பொதுவாக ஆறாவது வாரத்தை ஒட்டி உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் தணிகிறது. அடுத்தடுத்துக் குடிக்கும் இந்தப் பழக்கமும் அப்போதுதான் கூடும். நிறையப் பிள்ளைகள் இப்படி மாலையில் வயிற்றை நிரப்பிக்கொண்டு இரவின் முதல் தூக்கத்தைச் சற்று நீட்டிக்கொள்கிறார்கள். மாலையில் மார்பு தளர்ந்து, பால் வற்றின மாதிரி தெரிந்தாலும் சுரப்பு நிற்பதில்லை. பிள்ளை குடிக்கக் குடிக்கத்தான் உடம்பு அடுத்த நாளுக்கான அளவைக் கூட்டும்.

தீர்ப்பும் அப்போதுதான் வரும். "பால் பத்தலம்மா. டின் பால் ஒரு போத்தல் குடு, சுருண்டு தூங்கும்." அத்தை இதை ஆசையாகத்தான் சொன்னார், என் கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையத்தைப் பார்த்து. ஆனால் தூக்கத்தை வைத்துப் பாலை அளக்க முடியாது. பாலை அளக்க வேறு கணக்கு இருக்கிறது. பிறந்து ஐந்து நாளுக்குப் பிறகு தினமும் ஆறு டயப்பராவது நன்றாக நனைகிறதா? பிறந்த எடையை இரண்டு வாரத்துக்குள் திரும்பப் பிடித்துவிட்டதா? பிறகு கிளினிக்கில் ஒவ்வொரு தடவையும் எடைக்கோடு ஏறுகிறதா? ஆம் என்றால் பால் போதும். இரவில் விழிப்பது வேறு விஷயம். அரசாங்கக் கிளினிக்கின் தாதி வீட்டுக்கு வந்து பார்க்கும் நாட்களில் இதைக் கூச்சப்படாமல் கேளுங்கள், பெரியவர்கள் முன்னாலேயே கேளுங்கள். நான் சொல்லி நம்பாத அத்தை, மிஸ்ஸி, அதாவது அந்தத் தாதி, சொன்னதும் நம்பினார்.

டின் பால் செரிக்கக் கொஞ்சம் நேரமாகும் என்பது உண்மை. அதனால் இரவு முழுக்கத் தூங்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. அதே சமயம் மார்பில் குடிக்கும் ஒரு நேரம் குறைகிறது, உடம்பு அந்த அளவுக்குச் சுரப்பைக் குறைத்துக்கொள்கிறது. மருத்துவக் காரணத்துக்காகக் கொடுக்க வேண்டி வந்தால் அதில் ஒரு குற்றமும் இல்லை, தாராளமாகக் கொடுங்கள். தூக்கத்துக்காக மட்டும் என்றால் ஒரு முறை யோசியுங்கள். போத்தலில் மாவு கரைத்துக் கொடுப்பது, நாலு மாதத்திலேயே கஞ்சி ஊட்டுவது வேண்டவே வேண்டாம். நம் நாட்டின் தாய்ப்பால் கொள்கை 1993ல் வந்தது, 2005ல் திருத்தியபோது முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்று ஆனது. 'மட்டும்' என்றால் தண்ணீர்கூட இல்லை. ஓமத் தண்ணீர், சீனித் தண்ணீர், நாக்கில் தடவும் வசம்பு எதுவும் கூடாது. தேனை ஒரு வயதுவரை கண்ணிலேயே காட்டாதீர்கள், சிசுக்களுக்கு நரம்பைத் தாக்கும் ஒரு விஷநோய் அதனால் வரலாம். எண்ணெய்க் குளியல் போட்ட அன்று பிள்ளை நீண்டு தூங்குவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதைத் தொடருங்கள், ஆனால் மூடின அறையில் சாம்பிராணிப் புகை மட்டும் வேண்டாம்.

98 நாள்

2023 ஜனவரி முதல் மலேசியாவில் பிரசவ விடுப்பு 98 நாள். அதற்கு முன் 60 நாளாக இருந்தது. 98 நாள் என்றால் 14 வாரம். பிள்ளையின் தூக்கம் மூளையின் வளர்ச்சியால் தலைகீழாக மாறுவது 16ஆம் வாரத்தை ஒட்டி. அதாவது நாம் வேலைக்குத் திரும்பி, காலை ஆறரை மணிக்கு வீட்டை விட்டு இறங்கப் பழகிக்கொண்டிருக்கும் அதே இரண்டு வாரத்தில் இடி விழும். யாரும் திட்டமிட்டுச் செய்ததில்லைதான், இருந்தாலும் எனக்கு அதில் ஒரு மனத்தாங்கல் உண்டு.

நாலாவது மாதத்தில் என்ன நடக்கிறது? அதுவரை இரண்டே வகையாக இருந்த தூக்கம், பெரியவர்களின் தூக்கம்போலப் பல படிகளாகப் பிரிகிறது. லேசான தூக்கம், ஆழ்ந்த தூக்கம், மறுபடி லேசு. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் பிள்ளை மேலே வந்து எட்டிப் பார்க்கும். நாமும் இரவில் அப்படி எட்டிப் பார்க்கிறோம், தலையணையைத் திருப்பிப் போட்டுத் தூங்கிவிடுகிறோம். பிள்ளையோ மார்பில் தூங்கினது, எழுந்து பார்த்தால் மெத்தை. நீங்கள் கட்டிலில் படுத்து சமையலறையில் கண் விழித்தால் சத்தம் போட மாட்டீர்களா? இதற்குப் பின்னடைவு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்தப் பெயரே பிடிக்காது. பிள்ளை முன்னாலேதான் போயிருக்கிறது.

அதோடு இந்த வயதில் உலகம் சுவாரசியமாகிவிடுகிறது. பகலில் இரண்டு வாய் குடிக்கும், அண்ணன் குரல் கேட்டால் காம்பை இழுத்துக்கொண்டே திரும்பிப் பார்க்கும். பகலில் விட்ட பாலை இரவில் பிடிக்கும்.

வேலைக்குப் போகும் அம்மாவுக்கு இது இரட்டிப்பு. சின்னவளை எங்கள் புளோக்கில் பிள்ளை பார்த்துக்கொள்ளும் ஒரு மாக்சிக்கிடம், அதாவது மலாய்க்கார அம்மாவிடம், விட்டேன். ஒன்பது மணி நேரத்துக்குப் பத்து அவுன்ஸ் கறந்து, போத்தல்களில் ஊற்றி அனுப்புவேன். தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்கு அம்மா இல்லாத நேரத்தில் மணிக்கு ஒன்று, ஒன்றரை அவுன்ஸ் என்பது பொதுவான கணக்கு. மாலையில் போனால் ஐந்து அவுன்ஸ் அப்படியே இருக்கும். "தா மாவு, தா மாவு" என்று மாக்சிக் தலையை ஆட்டுவார், வேண்டாம் என்கிறாளாம். போத்தல் சரியில்லை என்று இரண்டு விதக் காம்பு மாற்றிப் பார்த்தேன். வீட்டுக்கு வந்ததும் அவள் குடிக்க ஆரம்பித்தால் விடிகாலை சுபு பாங்கு சொல்லும்வரை ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை. பால் நிறைந்த போத்தலைப் பகல் முழுக்கத் தள்ளிவிட்டு, அம்மா வரட்டும் என்று காத்திருந்திருக்கிறாள். பகல் கணக்கை இரவில் தீர்க்கும் இந்தப் பழக்கம் நிறையப் பிள்ளைகளுக்கு உண்டு. 24 மணி நேரத்துக்கான மொத்தம் சரியாக இருந்து, எடையும் ஏறினால் ஆபத்து ஒன்றும் இல்லை. ஆபத்து அம்மாவின் உடம்புக்குத்தான்.

எங்களுக்குக் கைகொடுத்தவை சின்னச் சின்ன மாற்றங்கள். காலையில் எழுந்ததும் ஒரு தடவை, அவளைக் கொண்டுபோய் விடுவதற்குச் சற்று முன் இன்னொரு தடவை, வயிறு முட்டப் பால். மாலை ஐந்து மணிக்குமேல் போத்தல் கொடுக்க வேண்டாம் என்று மாக்சிக்கிடம் சொல்லி, நான் போய்ச் சேர்ந்ததும் அவர் வீட்டு நாற்காலியிலேயே உட்கார்ந்து கொடுத்தேன். சனி, ஞாயிறு பகலில் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு, அண்ணன் சத்தம் இல்லாமல், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. இரவில் ஒரு பக்கம் மட்டும் கொஞ்சமாகக் குடித்துத் தூங்கும் பழக்கத்தை விட்டு, நன்றாகக் குடிக்க வைத்தேன். சில நாட்களில் அரைத் தூக்கத்தில், கண் முழுசாக மூடும் முன்பே மார்பிலிருந்து விலக்கிக் கிடத்திப் பார்த்தேன். பத்துத் தடவையில் மூன்று தடவை பலித்திருக்கும். மீதி ஏழு தடவை பழையபடி பால்தான், அதனால் ஒன்றும் கெட்டுவிடவில்லை. ஐந்து வாரத்தில், இரவில் ஏழு தடவை விழித்தது மூன்றாகக் குறைந்தது. என்ன செய்ததால் குறைந்தது, தானாகக் குறையும் வேளை வந்து குறைந்ததா என்று சத்தியம் செய்து சொல்ல மாட்டேன்.

நடுவில் ஊசிகள். தேசியத் தடுப்பூசி அட்டவணைப்படி 2, 3, 5ஆம் மாதங்களில் ஆறு நோய்களுக்கான ஒரே ஊசி, 4லும் 6லும் நிமோகாக்கல் ஊசி. இரண்டாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம்வரை மாதம் தவறுவதில்லை. ஊசி போட்ட ஒன்றிரண்டு நாள் பிள்ளை அதிகம் தூங்கலாம், சிணுங்கலாம், அடிக்கடி பால் கேட்கலாம். அந்த இரண்டு நாளை வைத்து எந்த முடிவும் எடுக்க வேண்டாம்.

எங்கே கிடத்துவது

தூக்கம் கெட்ட வீட்டில்தான் குறுக்கு வழிகள் நுழையும், ஆகவே இதைக் கொஞ்சம் கறாராகவே சொல்கிறேன். குழந்தையை எப்போதும் மல்லாக்கக் கிடத்துங்கள். குப்புறப் போட்டால் திடுக்கிடாமல் தூங்கும் என்பது மெய்தான். அப்படி ஆழ்ந்து போவதிலேயேதான் அபாயம் இருக்கிறது. 1990களில் பல நாடுகள் மல்லாக்கப் படுக்க வைக்கச் சொல்லிப் பிரசாரம் செய்த பிறகு, அமெரிக்காவில் காரணம் தெரியாத திடீர் சிசு மரணங்கள் பாதிக்குமேல் குறைந்தன. மெத்தை சமமாக, அமுங்காமல் இருக்க வேண்டும். தலையணை, போர்வை, பொம்மை வேண்டாம். நெஞ்சின்மேல் வைக்கும் பயற்றந்தோல் தலையணையும் வேண்டாம், நம் ஊரில் எல்லா இனத்து வீடுகளிலும் அதைப் பார்க்கலாம். திடுக்கிடும் அனிச்சை நாலு மாதத்தை ஒட்டித் தானாக மறையும். துணி சுற்றுவதாக இருந்தால் இடுப்புப் பக்கம் தளர்வாகச் சுற்றுங்கள், புரண்டுபடுக்க முயல்கிறாள் என்று தெரிந்த அன்றே நிறுத்திவிடுங்கள்.

ஏணையைப் பற்றிச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள். சேலை ஏணையோ, பூவாயான் என்கிற ஸ்பிரிங் தொட்டிலோ, ஆட்டினால் பிள்ளை அடங்கும். ஆனால் துணிக்குள் உடம்பு வளைந்து, முகவாய் நெஞ்சில் முட்டினால் மூச்சு தடைபடலாம். எங்கள் வீட்டில் ஒப்பந்தம் இப்படி: பகலில், அத்தை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்போது மட்டும். தூங்கியதும் மெத்தைக்கு மாற்றிவிட வேண்டும். இரவில் கிடையாது. புரள ஆரம்பித்ததும் கொக்கியைக் கழற்றிவிட்டோம். அத்தை இரண்டு நாள் பேசவில்லை.

மருத்துவர்கள் சொல்வது, அதே அறையில், அம்மாவின் கைக்கெட்டும் தூரத்தில், தனிப் படுக்கை. பால் கொடுத்தபடியே சோபாவில் தூங்கிப்போவதுதான் எல்லாவற்றிலும் மோசம். தூக்கம் அமுக்குகிறது என்று தெரிந்தால் சோபாவில் உட்காராதீர்கள். வீட்டில் சிகரெட் பிடிப்பவர் இருந்தாலோ, மது குடித்திருந்தாலோ, பிள்ளை குறைமாதத்தில் பிறந்திருந்தாலோ ஒரே படுக்கை அறவே கூடாது.

எப்போது கிளினிக்குக்குப் போவது

விழிக்கும் பிள்ளையைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுகிறோம். முதல் இரண்டு வாரத்தில் கவலைப்பட வேண்டியது எழுப்பினாலும் எழாத பிள்ளையைப் பற்றி. தோலும் கண்ணும் மஞ்சளாக இருந்து, பாலுக்கும் எழாமல் தூங்கினால் அன்றைக்கே காட்டுங்கள். வெயிலில் பிடித்தால் மஞ்சள் இறங்கும் என்று வீட்டில் உட்கார வேண்டாம். பிறந்த எடை திரும்பும்வரை மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுப்பியாவது பால் கொடுங்கள். மூன்று மாதத்துக்குள் 38 டிகிரி காய்ச்சல் என்றால் இரவு எத்தனை மணியானாலும் ஆஸ்பத்திரி. மூச்சு வேகமாக வாங்குவது, உதடு நீலம் பூப்பது, டயப்பர் நனையாமல் இருப்பது, இவையும் அப்படித்தான்.

அம்மாவுக்கும் ஒரு அடையாளம் உண்டு. பிள்ளை தூங்கி, வீடும் அமைதியாக இருந்து, அப்போதும் உங்களுக்குத் தூக்கம் வராமல் நெஞ்சு படபடத்தால், காரணமில்லாமல் அழுகை வந்தால், அதைக் களைப்பு என்று ஒதுக்காதீர்கள். குழந்தையின் எடை பார்க்கும் அதே கிளினிக்கில் சொல்லுங்கள். சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் 15555. அதற்கு முன்னால், வீட்டிலேயே இரவை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் ஒன்பதிலிருந்து நள்ளிரவுவரை என் கணவரின் முறை. டயப்பர் மாற்றுவதும் ஏப்பம் விட வைப்பதும் தோளில் போட்டு நடப்பதும் அவர். பாலுக்கு மட்டும் என்னிடம் கொண்டுவந்து, குடித்ததும் எடுத்துப்போவார். பாலைத் தவிர மற்றதெல்லாம் அப்பாவால் முடியும். மூன்று மணி நேரம் யார் பொறுப்பும் இல்லாமல் தூங்கிய மனுஷிக்கு, மீதி இரவு அத்தனை நீளமாகத் தெரியாது.

ஆறு மாதத்துக்கு மேல் பல், தவழல், அம்மா கண்ணுக்கு மறைந்தால் அழுகை என்று வேறு காரணங்கள் வரிசையில் நிற்கின்றன. அதெல்லாம் தனியாக எழுத வேண்டிய கதை. சின்னவளுக்குப் போன வாரம் கீழ் ஈறில் அரிசிமுனை அளவுக்கு வெள்ளையாக ஒன்று தெரிகிறது, இரவில் மறுபடி நாலு தடவை. கோடு போட்டுப் பார்க்கலாம் என்று மெத்தையைத் தூக்கினால் நோட்டைக் காணோம். அத்தை அதை எடுத்து மூத்தவனுக்குக் கிறுக்கக் கொடுத்துவிட்டிருக்கிறார். எட்டாவது வாரத்தின்மேல் ஒரு யானை நிற்கிறது.